வியாழக்கிழமை என் முறை

எங்கள் பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில், என்ஜின் மூடியை ஒட்டி, ஒற்றை இருக்கை ஒன்று உண்டு. அதில் உட்காருகிறவள் நாற்பது நிமிடம் வாய் ஓயாமல் பேச வேண்டும். திங்கட்கிழமை ரேடியோ அக்கா. செவ்வாயும் வெள்ளியும் செக்கர் அக்கா. புதன் அம்மா. சனிக்கிழமை யாருக்குத் தெம்பு இருக்கிறதோ அவர்கள். வியாழக்கிழமை என் முறை.

ஓட்டுநர் என் அப்பா. வருகிறவர்கள் முப்பத்து நான்கு பேரும் மருந்துக்கான அட்டைப்பெட்டி மடிக்கும் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் பார்க்கும் பெண்கள். அம்மாவும் நானும் அதில் சேர்த்தி. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். கம்பெனிக்கு மட்டும் தெரியாது.

அதை யாரும் கம்பெனியில் சொல்லவில்லை. அப்பா, ஓடி வருகிறவளுக்காக வண்டியை நிறுத்துகிறவர். கால் வீங்கிப்போனவளைத் தெருமுனை வரை கொண்டுபோய் இறக்கிவிடுகிறவர். அவருக்கு முன்பிருந்தவர், ஒரு நிமிடம் பிந்தியவளைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போய்விடுவார். "தூங்குற நல்லவர் வேணுமா, முழிச்சிருக்கிற சிடுமூஞ்சி வேணுமா?" என்று செக்கர் அக்கா ஒரு நாள் எழுந்து நின்று கேட்டாள். பெட்டியில் ஒரு மடிப்பு கோணினாலும் திருப்பி அனுப்புகிறவள் அவள். அவள் கேட்டால் பதில் ஒன்றுதான் இருக்கும். அன்றே ஓர் அட்டைத் துண்டின் பின்புறத்தில் யாருக்கு எந்தக் கிழமை என்று எழுதி முன்பக்கம் செருகிவிட்டார்கள். பேச்சு டூட்டி என்று அதற்குப் பெயர் வைத்தவள் ரேடியோ அக்கா.

ரேடியோ அக்கா தன் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்லுவாள். கை ஓங்கிய இடத்தில் தொழிற்சாலை வந்துவிடும். மீதி அடுத்த திங்கட்கிழமைதான். செக்கர் அக்கா அப்பாவைத் திட்டுவாள். காரணம் எதுவும் தேவையில்லை. நன்றாகத் திட்டுவாள், அப்பாவும் நன்றாக விழித்திருப்பார். அம்மா முறையன்றுதான் ஆபத்து. "நீ பேச ஆரம்பிச்சா வீட்டுல இருக்கிற மாதிரியே இருக்கு, தூக்கம் சொக்குது" என்பார் அப்பா. அதைக் கேட்டு அம்மா கோபித்துக்கொள்வாள். அந்தக் கோபத்தில் பத்து நிமிடம் ஓடும்.

எனக்குப் பேச வராது. பள்ளியில் எழுந்து நின்று பதில் சொல் என்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பத்தாவதோடு நின்றதில் அதற்கும் பங்கு உண்டு. அதனால் வியாழக்கிழமைகளில் நான் கடைப் பலகைகளைப் படித்தேன். டயர் பஞ்சர் ஒட்டப்படும். கண் பரிசோதனை இலவசம். பழைய இரும்பு வாங்கப்படும். ஒவ்வொன்றுக்கும் அப்பா "ம்" என்பார்.

இரண்டாவது சிக்னலைத் தாண்டினால் பலகைகள் தீர்ந்துவிடும். மூடிக் கிடக்கும் ஆலையின் மதில் சுவர் இடது பக்கம் தொடங்கும். வளைவே இல்லாத சாலை. எட்டு நிமிடத்துக்குச் சுவர், சுவர், சுவர். அப்பாவின் கண் சொருகுகிற இடம் அதுதான். அங்கே படிக்க ஒன்றும் இல்லாததால் நானே பலகைகளை உண்டாக்கினேன். பழைய குடைக்குப் புதுக் கம்பி போடப்படும். நாற்காலிக்குக் கால் மாற்றித் தரப்படும். ஒற்றைச் செருப்பு வாங்கவும் விற்கவும் அணுகுக. மூக்குக்கண்ணாடி மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும். அப்பா எல்லாவற்றுக்கும் "ம்" என்றார். சுவர் முடிகிற வரை அந்த "ம்" கேட்டால் போதும் எனக்கு.

இப்படி ஒரு வருடம் ஓடியது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை செக்கர் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சைகையில் திட்டிப் பார்த்தாள். சுவர்ப் பக்கம் வந்தபோது பேருந்தின் இடது கண்ணாடி விளக்குக் கம்பத்தில் மோதித் தூள் தூளானது. நாய் குறுக்கே வந்தது என்று அப்பா கம்பெனியில் சொன்னார். அன்று மாலையே அம்மா அவரை மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். உடம்பெல்லாம் ஒயர் ஒட்டி ஓர் இரவு அங்கே தூங்க வைத்தார்கள். நான்கு நாள் கழித்து எங்கள் மூவரையும் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து முடிவைச் சொன்னார்கள்.

சொன்னவர், தூங்கும்போது மாட்டிக்கொள்ளும் மூச்சு இயந்திரங்களைப் பொருத்தித் தருகிற மேடம். கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தார்.

"தூக்கத்துல உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருது. நாப்பத்தொரு தடவை."

"ராத்திரி முழுக்கவா?" என்றாள் அம்மா.

"ஒரு மணி நேரத்துக்கு."

இருபத்து மூன்று வருடமாக அந்தக் குறட்டைக்காக அப்பாவை விலாவில் இடித்தவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பிறகு, "நான் குத்துமதிப்பா வச்சிருந்தது கம்மி" என்றாள்.

மேடம் அப்பாவின் மூக்கில் முகமூடியை வைத்துப் பட்டையை இழுத்து மாட்டிக் காட்டினார். குழாய் வழியாகக் காற்று சீறியது. தொண்டை அடைபடாமல் அந்தக் காற்று தாங்கிப் பிடிக்குமாம். மூச்சு நிற்காது, மூளை திடுக்கிட்டு எழாது, பகலில் தூக்கம் வராது.

"எத்தனை நாள்ல சரியாகும்?" என்று அப்பா முகமூடியை மாட்டியபடியே கேட்டார்.

"ஆளைப் பொறுத்தது. சிலருக்கு மறுநாள் காலையிலேயே தலை லேசாயிடும். சிலருக்கு ரெண்டு மூணு வாரம். பகல் தூக்கம் முழுசா போறதுக்கு ரெண்டு மாசம், மூணு மாசம்கூட ஆகலாம். வருஷக்கணக்கா சேர்ந்த அசதி இல்லையா? ஆனா தினமும் போடணும், தூங்குற நேரம் பூரா போடணும். மத்தியானம் கண்ணசந்தாலும் போடணும்." படிவத்தில் அப்பாவின் வேலையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "வண்டி ஓட்டுறீங்களா? சரியாகிற வரைக்கும் ஓட்டவே கூடாது. டாக்டரும் எழுதியிருக்காங்க."

மூன்று பேரும் தலையாட்டினோம்.

இயந்திரத்தைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும்போது, "மறுநாளே தலை லேசாயிடுமாம்ல" என்றாள் அம்மா. "ரெண்டு மூணு வாரம்னாங்க. பதினஞ்சு நாள் லீவு இருக்கு, போதும்" என்றார் அப்பா. மேடம் கடைசியாகச் சொன்னதை நான் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். எப்படி எடுத்து வைப்பது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன்.

முதல் நாள் காலையில் இயந்திரத்தின் சின்னத் திரை, மாட்டியிருந்த நேரம் இரண்டு மணி பத்து நிமிடம் என்று காட்டியது. "விடிய விடியப் போட்டிருந்தேனே" என்றார் அப்பா. முகமூடி அவர் கால்மாட்டில் கிடந்தது. மறுநாள் ஒன்று ஐம்பது. அதற்கு மறுநாள் இரண்டு இருபது. மூக்குத் தண்டில் தோல் உரிந்தது. வாய் வறண்டு நாக்கு அட்டையாகிவிட்டது என்றார். "விமானம் ஓட்டப் போற மாதிரி மாட்டிக்கிட்டுப் படுக்கிறீங்க, விடியும்போது பார்த்தா குதிச்சுத் தப்பிச்சவர் மாதிரி கிடக்கிறீங்க" என்று அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

"முன்னாடி, தூங்கலைன்னு தெரியாமயே தூங்கிட்டிருந்தேன். இப்ப தெரிஞ்சு முழிச்சுக் கிடக்கேன்" என்றார்.

தினமும் காலையில் அம்மா டீயோடு எதிரே வந்து நிற்பாள். "இன்னிக்கு எப்படி இருக்கு?" அந்தக் கேள்விக்கு என்ன சொல்வது என்று யோசித்தே அவர் மேலும் களைத்துப்போனார். ஒன்பதாம் நாள், விட்டால் போதும் என்று, "பரவாயில்ல" என்றார். அம்மா அந்தப் பரவாயில்லையைத் தூக்கிக்கொண்டு வந்து, மாற்று ஓட்டுநர் ஓட்டிய பேருந்தில் முன் இருக்கையில் கொடுத்தாள். அது கை மாறிக் கை மாறிக் கடைசி இருக்கைக்குப் போய்ச் சேர்ந்தபோது, அண்ணனுக்கு முழுசாகச் சரியாகிவிட்டது என்று ஆகியிருந்தது.

பதினாறாம் நாள், ஒரு திங்கட்கிழமை, அப்பா வண்டி எடுத்தார். டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் வீட்டில் அலமாரியில் துணிக்கு அடியில் இருந்தது. ரேடியோ அக்கா அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். "முகத்துல களை வந்திருச்சுண்ணே." செக்கர் அக்கா டூட்டி அட்டையை உருவி நான்காகக் கிழித்தாள். "இனிமே நாமளும் மனுஷங்களாட்டம் தூங்கிட்டுப் போலாம்டி" என்றாள்.

தூங்கினார்கள். முதல் சிக்னலுக்குள் முப்பத்து மூன்று தலைகளும் சாய்ந்துவிட்டன. ஒரு வருடமாக மாறி மாறி விழித்திருந்தவர்கள். அம்மாவும் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தேன்.

"இங்க ஏன் வந்த பாப்பா? பின்னாடி போய்த் தூங்கு."

"தூக்கம் வரல."

"பொய் சொல்லாத. கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு."

"உங்களுக்கும்தான்."

அப்பா கியரை மாற்றினார். "ரெண்டு வாரமா போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"ரெண்டு மணி நேரம் போடுறீங்க."

 நான் டயர் பஞ்சரிலிருந்து ஆரம்பித்தேன். செவ்வாயும் நான், புதனும் நான். என் முறையான வியாழக்கிழமை வந்தபோது என்னிடம் சொல் மிச்சமில்லை. சொன்ன பலகைகளையே திரும்பச் சொன்னேன். அவரும் ஒரே மாதிரி "ம்" என்றார். தொழிற்சாலையில் பெட்டி மடிக்கும்போது பசைத் தட்டில் விரல் வைத்தபடி நின்றுகொண்டே கண்ணை மூடியிருக்கிறேன். அம்மாவிடம் சொல்லலாம் என்று ஒவ்வொரு மாலையும் நினைத்தேன். அவள் தினமும் மிக நிம்மதியாகப் பேருந்தை விட்டு இறங்கினாள். நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை, குடைக்குப் புதுக் கம்பி என்று ஆரம்பித்தது நினைவிருக்கிறது. முடித்தது நினைவில்லை.

சரளைக் கல் நொறுங்கும் சத்தத்தில் விழித்தேன். இடது சக்கரம் சாலையை விட்டு இறங்கியிருந்தது. மதில் சுவர் ஜன்னலுக்கு வெளியே கைக்கெட்டும் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் தாடை நெஞ்சில் படிந்திருந்தது. கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. எட்டி ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினேன்.

அப்பா திடுக்கிட்டு விழித்து ஸ்டியரிங்கை ஒடித்தார். வண்டி ஆடியது, சாலையில் ஏறியது, கோணலாக நின்றது. ஒரு சாப்பாட்டு டப்பா உருண்டு முன்னால் வந்தது.

"என்னாச்சுண்ணே?"

"நாய்" என்றார் அப்பா. "குறுக்க வந்துருச்சு."

கண்ணாடியை உடைத்த அதே நாய். அம்மா தன் இருக்கையிலிருந்து என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவள் சொல்லமாட்டாள் என்பதும் தெரிந்தது. அப்பா சாவியைத் திருப்பினார். இன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்தால் திங்கட்கிழமையும் இதே சுவர் வரும். நான் எழுந்தேன்.

"நாய் இல்ல" என்றேன்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" பின்னாலிருந்து யாரோ.

ரேடியோ அக்கா திரும்பி உரக்கச் சொன்னாள். "நாய் இல்லையாம்."

"அப்பா தூங்கிட்டாரு."

"தூங்கிட்டாராம்."

"ஆஸ்பத்திரியில இன்னும் ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

ரேடியோ அக்கா இதைத் திருப்பிச் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.  அப்பா முன்னாடியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளைக்குக் கூடாதாம்?" என்றாள் செக்கர் அக்கா.

"மூணு மாசம்கூட ஆகலாமாம்."

அவள் முன்னால் வந்தாள். நசுங்கிய டப்பாவைக் குனிந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். "சாவியக் குடுங்கண்ணே."

"ஃபேக்டரி கேட்டு வரைக்கும் மெதுவா..."

"குடுங்க."

அவள் அவரைத் திட்டாதது அன்றைக்குத்தான். அப்பா சாவியைக் கழற்றிக் கொடுத்தார். செக்கர் அக்கா கம்பெனிக்குப் போன் செய்தாள். நாங்கள் இறங்கிச் சுவரை ஒட்டி நடந்தோம். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். மீதிப் பேர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா எனக்குப் பின்னால் வந்தாள்.

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"உங்களுக்கும் தெரியும்லம்மா."

அவள் எட்டி என் கையிலிருந்த டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

அப்பாவை வேலையை விட்டுத் தூக்கவில்லை. செக்கர் அக்கா போக்குவரத்து அலுவலகத்தில் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, அப்பாவிடம் மிச்சம் வைத்திருந்த திட்டையெல்லாம் அங்கே இறக்கினாளாம். டாக்டர் சரி என்று எழுதித் தருகிற வரை தொழிற்சாலைக்குள்ளிருக்கும் ஷெட்டில் வண்டி கழுவ வேண்டும், டயருக்குக் காற்றுப் பார்க்க வேண்டும். புதிதாக வந்த ஓட்டுநர் யாருக்காகவும் நிற்பதில்லை. முதல் வாரமே இரண்டு பேர் வண்டியைத் தவறவிட்டார்கள். "எல்லாம் உன் புண்ணியம்" என்று ஒருத்தி என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். சண்டை எதுவும் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்பார். செம்பு என் கைக்குப் பக்கத்தில் இருக்கும்.

நான்காவது வாரம் அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்காமல் நான்தான் அவரோடு மருத்துவமனைக்குப் போனேன். மேடம் இயந்திரத்தில் பதிவாகியிருந்ததைப் பார்த்தார். "வாயைத் திறந்துடுறீங்க, காத்தெல்லாம் வாய் வழியா போயிடுது. இப்படி இருந்தா எத்தனை மாசமானாலும் தெரியாது. இதை ஏன் முன்னாடியே வந்து சொல்லல?" என்றார். வாயையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற வேறொரு முகமூடி தந்தார். சாயங்காலத்தில் விழித்திருக்கும்போதே அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு டிவி பார்த்துப் பழகச் சொன்னார். வீட்டுக்கு வருகிற வரை அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. இயந்திரப் பையை மட்டும் என்னைத் தூக்கவிடவில்லை.

மூன்று மணி நேரம். நான்கு மணி நேரம். ஏழாவது வாரம் ஆறு மணி நேரம். "ஆறு மணி நேரம் போட்டாச்சு, இன்னும் அப்படியேதான் இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா "ஆகும், ஆகும்" என்றாள். காலையில் எப்படி இருக்கிறது என்று கேட்பதை அவளும் விட்டுவிட்டாள். கேட்டுக் கேட்டு அவளுக்கே அலுத்துவிட்டது. யாரும் கேட்காமல்தான் ஒவ்வொன்றாகப் போயிற்று. முதலில் காலைத் தலைவலி போனது. பிறகு, இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து ஒன்றுக்குப் போவது நின்றது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கண்ணை மூடுவது எந்த நாளில் நின்றது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

காலையில் அவரும் எங்களோடு அதே பேருந்தில்தான் ஷெட்டுக்கு வந்தார். கடைசி இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் தலையைச் சாய்த்தால் கேட் வந்துதான் எழுவார். வாரக்கணக்காக அப்படித்தான். முன்னாலிருந்து நான் திரும்பிப் பார்த்துக்கொள்வேன். பார்த்துவிட்டு நானும் சாய்ந்துகொள்வேன்.

பதினோராவது வாரம், வியாழக்கிழமை. அப்பா கக்கத்தில் ஒரு குடையோடு ஏறினார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. இரண்டு கம்பி முறிந்து பழுதாய்ப்போய் ஒரு வருடமாகக் கதவுக்குப் பின்னால் கிடந்த குடை. கடைசி இருக்கைக்குப் போகாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் நகர்ந்து ஜன்னலோரம் விட்டேன்.

வண்டி கிளம்பியது. ஒவ்வொருத்தியாகச் சாய்ந்தார்கள். முதல் சிக்னல். இரண்டாவது சிக்னல். அப்பா சாயவில்லை. குடையைக் கையில் எடுத்துக்கொண்டு, இறங்கப் போகிறவர் மாதிரி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். சுவர் தொடங்கியது. மூக்கு கண்ணாடியில் படுகிற மாதிரி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். எட்டு நிமிடமும் பார்த்தார். சுவர் முடிந்தது.

"பாப்பா" என்றார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. "அந்தக் குடைக்கடை எங்க?"

"எந்தக் கடைப்பா?"

"பழைய குடைக்குப் புதுக் கம்பி போடுறவன். ரெண்டாவது சிக்னல் தாண்டி இந்தப் பக்கம். நீதானே படிப்ப?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

"மூடிட்டானா?"

"இல்லப்பா. அப்படி ஒரு கடையே இல்ல."

அவர் குடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நாற்காலிக்குக் கால் மாத்துறவன்?"

"அவனும் இல்ல."

"ஒத்தச் செருப்பு?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அப்பா திரும்பி, பின்னால் போய்க்கொண்டிருந்த சுவரின் முனையைப் பார்த்தார். வெறும் சுவர். சுண்ணாம்பு உதிர்ந்து, மேலே கண்ணாடிச் சில்லு பதித்த சுவர்.

"ஒரு வருஷமா நான்தானே இந்தப் பக்கம் ஓட்டினேன்" என்றார். "இதை நான் பார்த்ததே இல்ல."

  முன்னாலிருந்து ஒரு குறட்டை கேட்டது. அம்மா. அப்பா கொஞ்ச நேரம் அதைக் கவனித்தார், மூச்சு விட்டு விட்டு வருகிறதா என்று பார்க்கிறவர் போல.

"அடுத்த வாரம் டாக்டர் வரச் சொல்லியிருக்காங்க. அவங்க என்ன சொல்றாங்களோ பார்ப்போம்" என்றார். குடையை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார். "நீ தூங்கு. கேட்டு வந்ததும் எழுப்புறேன்."

கேட்டுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கண்ணை மூடினேன்.

எழுப்பினார்.